கொல்லைவாசல் வழியாக வந்த லக்ஷ்மி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாவலுக்கு அட்டை கிடையாது. முதல் இருபது பக்கங்களும் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியின் பின்சந்தில், ஒரு வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து, "கரையான் அரிச்சது, அடுப்பெரிக்க ஆகும், எடுத்துண்டு போ" என்று சொல்லிக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார்களாம். கையில் தரவில்லை, கல்லின் மேல்தான். எங்கம்மாவிடம் இருந்த கூடையில் அதைப் போட முடியாது. அந்தக் கூடையில் என்ன இருந்தது என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மடியில் கட்டிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்த எங்கள் தெரு வரைக்கும் நடந்து வந்தது. 1975ஆக இருக்கும். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்புக்கென்று கொடுத்ததை அடுப்பில் வைக்காமல் என் முன்னால் போட்டு, "இதுல என்னா இருக்குன்னு படி, கேப்போம்" என்றது.

அன்றிலிருந்து ஒன்றரை மாதம் ராத்திரியானால் சிம்னி விளக்கைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சின்னம்மா, எதிர்வீட்டு அக்கா, கண் தெரியாத அப்பாயி. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பணக்கார வீட்டு ஊதாரிப் பிள்ளை ஒருவன். அவனை வெறுக்கிற பெண் ஒருத்தி. அவள் மனசுக்கு விரோதமாக நடந்துவிடும் கல்யாணம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் மனம் மாறுவது. எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பிள்ளையைத் திட்டினார்கள், அழுதார்கள், அடுத்த நாள் ராத்திரி சீக்கிரமே சோறு ஆக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒருநாள் அம்மா வாசிப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டது:

"ஏம்புள்ள, இம்மாம் பெரிய பங்களாங்குற, மாடிங்குற, தோட்டங்குற. கக்கூசு எங்கருக்குன்னு அந்தம்மா எழுதியிருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் புத்தகம் லக்ஷ்மி எழுதிய 'பெண் மனம்' என்று எனக்குத் தெரிய வந்தது பத்து வருடம் கழித்து, திருச்சியில் ஒரு வாடகை நூல்நிலையத்தில். அட்டையோடு, முதல் இருபது பக்கங்களோடு அது அங்கே இருந்தது. அம்மாவின் கேள்விக்கான பதில் அந்த இருபது பக்கங்களிலும் இல்லை.

பத்திரிகைகளில் காதல் நாவல் எழுதுகிறவர்களைப் பேட்டி காணும்போது கேட்கிற கேள்விகள் உங்களுக்குத் தெரியும். காலையில் எழுதுவீர்களா, இரவிலா? கோடு போட்ட தாளா, வெள்ளைத் தாளா? காப்பி குடிப்பீர்களா? கணவர் உதவியாக இருக்கிறாரா? நீங்கள் எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தை யார் தேய்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எழுத்தாளரின் பழக்கவழக்கம் என்பது ஏதோ மூக்குப்பொடி போடுவது மாதிரி தனிநபர் விஷயமாகப் பேசப்படுகிறது. எனக்கு அது சமூக வரலாறாகத்தான் தெரிகிறது. யாருக்கு எப்போது இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதன் வரலாறு.

பெண் எழுத வேண்டுமானால் கொஞ்சம் பணமும் ஒரு தனி அறையும் வேண்டும் என்று வெர்ஜீனியா உல்ஃப் 1929இல் எழுதினார். பெண்ணியத் தோழர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், சரிதான். ஆனால் உல்ஃபின் வீட்டில் 1916 முதல் 1934 வரை நெல்லி பாக்ஸல் என்ற பெண் சமைத்துப் போட்டார். உல்ஃபின் நாட்குறிப்புகளில் அந்தச் சமையற்காரியோடு போட்ட சண்டைகள் ஏராளம். அறை வேண்டும் என்று எழுதியவர் வீட்டிலேயே அந்த அறைக்குச் சாப்பாடு கொண்டுபோக இன்னொருத்தி தேவைப்பட்டாள். இதைச் சொல்வது உல்ஃபைக் கீழே இறக்க அல்ல. நம்மூருக்கு வரும்போது கண்ணைத் திறந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காக.

இனி லக்ஷ்மி. சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. 1921இல் திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் பிறந்தவர். காவிரியின் வடகரை, வாழைக்குப் பேர்போன ஊர். அப்பா டாக்டர். பள்ளிப்படிப்பு முசிறியில். அப்புறம் திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் ஹோலி கிராஸ் கல்லூரி. பெண்களுக்கென்று 1923இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது அது. அங்கிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. அந்த ஸ்டான்லியே 1938இல்தான் கல்லூரியாக உயர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், தொட்டியத்திலிருந்து ஒரு பெண் அங்கே போய்ச் சேர்ந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. வீட்டில் பணமுடை. படிப்பு நின்றுபோகும் நிலை. அந்தப் பெண் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்தார். கதை எழுதுகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்றார். வாசன் சம்மதித்தார். முதல் கதை வெளிவந்தது, அடுத்தடுத்துக் கதைகள், பிறகு தொடர்கதைகள். 'பவானி' முதல் நாவல். லக்ஷ்மி என்ற புனைபெயர் நிலைத்தது. காதல் கதையை எழுதி, அந்தச் சன்மானத்தில் பீஸ் கட்டி ஒரு பெண் டாக்டரானாள். தன் வாழ்க்கையைப் பற்றி 'கதாசிரியையின் கதை' என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நம் இயக்கக் கூட்டங்களில் 'பொழுதுபோக்கு எழுத்து', 'வணிக எழுத்து', 'கண்ணீர்க் கதை' என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவது வழக்கம். நானும் மேடையில் அப்படிப் பேசியவள்தான். ஆனால் எழுத்தைக் கூலிக்குச் செய்தவள் என்ற முறையில் லக்ஷ்மியைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. உள்ளெழுச்சி வரட்டும் என்று அவர் காத்திருக்க முடியாது. பீஸ் கட்டும் தேதி காத்திருக்காது. வாரம் தவறாமல் அத்தியாயம் போக வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கி வேண்டும். பகலில் உடற்கூறியல், அதற்கப்புறம் காதல். இது வேலை. நாற்று நடுகிறவளுக்கும் இப்படித்தான், மனசு வந்தாலும் வராவிட்டாலும் குனிய வேண்டும். உயர்ந்த இலக்கியக்காரர்கள் இகழ்கிற அந்த 'வாரா வாரம்' என்கிற ஒழுங்கில் ஒரு உழைப்பாளியின் ஒழுங்கு இருக்கிறது.

ஆனால் அந்த வேலைக்குள் நுழையும் கதவு யாருக்குத் திறந்திருந்தது? தொட்டியத்து வாழைத் தோப்பில் தார் சுமந்தவள் வீட்டுப் பெண் 1940இல் வாசனைப் போய்ப் பார்த்திருக்க முடியுமா? பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்குமா? அந்தத் தலைமுறையின் பெயர்பெற்ற பெண் எழுத்தாளர்களை எண்ணிப் பாருங்கள். வை.மு. கோதைநாயகி, குமுதினி, குகப்ரியை, அநுத்தமா, லக்ஷ்மி, கொஞ்சம் பின்னால் ராஜம் கிருஷ்ணன், ஆர். சூடாமணி. அநேகமாக எல்லாருமே பார்ப்பனக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அந்த வீடுகளில் பெண்களுக்கு நடந்த கொடுமைகளையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தபோது வயது அய்ந்து. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை இயற்றியபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதினார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். எழுத்து தெரியாத பெண் நாவலாசிரியராகலாம் என்பதற்குத் தமிழில் சாட்சி இருக்கிறது. பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒரு பட்டம்மாள் இருந்தால் போதும். எங்கள் தெருவில் பட்டம்மாள் இல்லை. என் அப்பாயி சொன்ன கதைகளை யாராவது எழுதியிருந்தால் அதுவும் நூறு வரும்.

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன். இங்கே எழுதிய பெண் குமுதினி. சொந்தப் பெயர் ரங்கநாயகி தாத்தம். 1905இல் பிறந்தவர். பத்து வயதில் ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான ஒரு வைணவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். ரகசியமாகவும் பகிரங்கமாகவும் படித்தார், விகடனில் எழுதினார், கதர் கட்டினார், வார்தாவுக்குப் போய் வந்தார், திருச்சி சேவா சங்கத்தை உருவாக்குவதில் முன்னால் நின்றார். 1986இல் இறந்தார். அவருடைய 'திவான் மகள்' நாவல் சாதி தாண்டிய காதலைப் பேசுகிறது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான். இன்னொரு புத்தகத்துக்கு 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என்று பெயர் வைத்தார். வீட்டு வேலைக்கு நடுவே எழுதுகிறவளுக்குத்தான் இப்படி ஒரு பெயர் தோன்றும். பெரிய விஷயங்களை ஆண்கள் திண்ணையில் பார்த்துக்கொள்வார்கள், நமக்குச் சில்லறை போதும் என்கிற ஒரு கிண்டல் அதில் இருக்கிறது. எனக்குப் பிடிக்கும்.

ஸ்ரீரங்கத்து வீதி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஏழு மதிலுக்குள் வீதிகள். வாசலில் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீளும். கொல்லையின் கடைசியில் எடுப்புக் கக்கூஸ். அதன் முதுகில் ஒரு சின்னத் தகரக் கதவு, பின்சந்தைப் பார்த்து. வீட்டுக்காரர் வாசல் வழியாகப் போவார், எங்கம்மா அந்தத் தகரக் கதவு வழியாகக் கை நீட்டும். ஒரே வீடு, இரண்டு முகவரி. இருபது வருடம் வேலை செய்த வீடுகளின் வாசல் எந்த நிறம் என்று எங்கம்மாவுக்குத் தெரியாது. "நமக்குத் தெரிஞ்சது அவுங்க வயிறுதான், மூஞ்சி தெரியாது" என்று சொல்லும்.

குமுதினியின் வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. வீதியின் அமைப்பைச் சொல்கிறேன். காந்தியின் ஆசிரமத்தில் அவரவர் கக்கூசை அவரவரே சுத்தம் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. கதர் ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தது, ராட்டை வந்தது, இந்தி வந்தது. அந்த விதி மட்டும் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது. 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் கோபுரவாசலைத் திறந்தது. கொல்லைச் சந்தின் வேலையைத் தடைசெய்யும் சட்டம் டெல்லியில் வந்தது 1993இல். அது போதாமல் 2013இல் இன்னொன்று. சாமியைப் பார்க்க விட்டதற்கும் மலத்தை அள்ளாதே என்று சொன்னதற்கும் நடுவில் நாற்பத்தாறு வருடம்.

அந்த நாற்பத்தாறு வருடத்தில்தான் தமிழில் காதல் நாவல் கொடிகட்டிப் பறந்தது. லக்ஷ்மியின் 'காஞ்சனையின் கனவு' 1952இல் 'காஞ்சனா' என்ற படமாக வந்தது. 'பெண் மனம்' 1963இல் 'இருவர் உள்ளம்' ஆனது. சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்தார்கள், வசனம் மு. கருணாநிதி. தொட்டியத்துப் பெண்ணின் கதைக்குத் திராவிட இயக்கக்காரர் வசனம் எழுதினார். பராசக்தியில் கோயிலையே கேள்வி கேட்ட பேனா இந்தப் பங்களாவுக்குள் வந்தபோது வேறு வேலை பார்த்தது. இதைப் பற்றி யாராவது விரிவாக எழுதலாம்.

அந்த நாவல்களில் காதலுக்கு என்னென்ன தடைகள் வரும்? பணம் வரும். மாமியார் வருவாள். தவறான ஆளிடம் போய்ச்சேரும் கடிதம் வரும். சந்தேகம் வரும், நோய் வரும். சாதி அநேகமாக வராது. சாதியை அவர்கள் ஒழித்துவிட்டதால் அல்ல. நாயகனும் நாயகியும் பிறக்கும்போதே பொருத்தம் பார்த்துப் பிறந்தவர்கள் என்பதால். வாசல் வழியாக வந்து போகிறவர்கள் மட்டுமே காதலிக்கிற உலகம் அது. சந்துப் பக்கக் கதவு கதைக்குள் இல்லை. ஆகவே கக்கூசும் இல்லை. எங்கம்மா அதைத்தான் கேட்டது.

ஆனால் லக்ஷ்மியின் வாழ்க்கை அவருடைய நாவலைவிடத் தூரம் போயிற்று. 1955இல், முப்பத்துநான்கு வயதில், கண்ணபிரான் என்ற தென்னாப்பிரிக்கத் தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த நாட்டுக்குப் போனார். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தார். அது எந்தக் காலம் என்று பாருங்கள். இனக்கலப்புத் திருமணத் தடைச் சட்டம் 1949இல் வந்துவிட்டது. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்ற சட்டம் 1950இல். பெஞ்சு, பஸ், கடற்கரை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்த சட்டம் 1953இல். தொட்டியத்தில் டாக்டர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்தவர் அங்கே 'இந்தியர்'. எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று பலகை எழுதி வைத்த தேசம். யாரை யார் காதலிக்கலாம் என்று போலீஸ் பார்த்துக்கொள்ளும் தேசம். காதல் கதை எழுதுகிற ஒருவர் வாழ்வதற்கு அதைவிட விசித்திரமான இடம் இருக்க முடியாது.

இன்னொன்று. அந்த நாட்டுத் தமிழர்கள் யார்? 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து டர்பனுக்குப் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள் அவர்களில் பெரும்பகுதி. அந்தக் கப்பல்களில் நம் ஆட்கள் நிறைய. பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி, சாதியைக் கடலில் போட்டுவிடலாம் என்று ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் சாதிப் பெயரையும் எழுதிக்கொண்டுதான் ஏற்றினார்கள். தொட்டியத்தில் எந்தத் தெருவுக்குள் கால் வைத்திருக்க மாட்டாரோ, அந்தத் தெருக்களின் பேரப்பிள்ளைகள் நடுவே போய் லக்ஷ்மி வாழ்ந்தார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 1977இல் திரும்பி வந்து மறுபடி எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1987 ஜனவரியில் இறந்துபோனார். அந்த 1949 சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா ரத்து செய்தது 1985இல்.

இங்கே நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் எழுத்தில் இருந்ததில்லை. தேவைப்படவில்லை. 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன். 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்றும் எரிந்தன, 2013 ஜூலையில் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. 2015இல் கோகுல்ராஜ், அதுவும் தண்டவாளம். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தில் பட்டப்பகலில் சங்கர். இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு ஒரு தலித் பெண்ணிடம் போய், நீ ஏன் காதல் நாவல் எழுதவில்லை என்று யார் கேட்பது?

பழைய திருச்சி மாவட்டத்தில் பிறந்த இன்னொரு பெண்ணைச் சொல்ல வேண்டும். பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டம்தான். அங்கே 1957இல் பிறந்தவர் ப. சிவகாமி. அய்.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே எழுதினார். 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. ஒரு ராத்திரி, அடிபட்டு ரத்தம் காயாமல் தங்கம் என்ற பெண் காத்தமுத்துவின் வாசலில் வந்து விழுவதில் கதை தொடங்கும். கணவன் செத்தவள், மேல்சாதி நிலக்காரன் அவளை எடுத்துக்கொண்டான், அவன் வீட்டு ஆட்கள் அவளை அடித்தார்கள். காத்தமுத்து நம் ஆள், தலைவர். அவர் வீட்டிலும் பெண்களுக்கு நடப்பது வேறு கதை. சிவகாமி அதை மறைக்கவில்லை. அதற்காக நம் ஆட்களிடமே ஏச்சு வாங்கினார். 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு தொடர்ச்சி எழுதினார். அந்த நாவலை ஏன் அப்படி எழுதினேன், யாரை விட்டேன், யாரைப் பெரிதாக்கினேன் என்று நாவலாசிரியரே தன்னை நிறுத்தி விசாரிக்கிற எழுத்து. எழுத்தாளரின் பின்னணி, பழக்கம் என்று பேட்டிக்காரர்கள் கேட்பதையெல்லாம் அவர் தானே கேட்டுக்கொண்டார், கூர்மையாக.

அந்த முதல் நாவலை 1991 வாக்கில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு. இதோ அம்மா, நீ கேட்ட கதை, நம்ம ஆள் எழுதியது, சந்துப் பக்கக் கதவு இதில் இருக்கிறது. இரண்டு அத்தியாயம் போனதும் அம்மா படுத்துக்கொண்டது.

"போதும்டி. இது நமக்குத் தெரிஞ்சதுதான. அந்தப் பங்களாக்காரன் கத இருக்கே, அதப் படி."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போது நான் அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உணர்வு பெறாத தாய் என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பே எழுதிவிட்டேன். இப்போது யோசித்தால் கூசுகிறது. நாளெல்லாம் மலத்துக்கு நடுவே நின்ற பெண் ராத்திரி ஒரு மணி நேரம் பங்களா மாடியில் நிற்க ஆசைப்பட்டது. அந்த ஆசையை யாரிடம் போய்த் திருத்துவது? நம் எழுத்திடம் எல்லாரும் சாட்சியம் கேட்கிறார்கள். காயத்தைக் காட்டு, எண்ணிக் காட்டு என்கிறார்கள். நாமும் காட்டினோம், காட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் கொள்ளிட மணலில் உட்கார்ந்து விடிய விடியப் பேசிய ஜோடிகளும் இருந்தார்கள். அப்பா அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்து, கொடுக்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர்ப் பானைமேல் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அது எந்த இலக்கியத்தில் இருக்கிறது?

1993இல் நான் ஒரு மாதநாவல் எழுதினேன். இதை இதுவரைக்கும் தோழர்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீரங்கத்துச் சந்தில் வேலை செய்கிறவளின் மகள், டீச்சர் டிரெயினிங் படிப்பவள். அவளுக்கும் ஒரு பையனுக்கும் காதல். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எழுதினேன், ஆறு வாரம். பதிப்பாளர் ஒருவரிடமிருந்து கார்டு வந்தது. கதை விறுவிறுப்பாக இருக்கிறது, நாயகியின் குடியிருப்பை மட்டும் மாற்றித் தரவும், வாசகிகள் ஒன்றமாட்டார்கள் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? மாற்றிக் கொடுத்தேன். காலனியை எடுத்துவிட்டு 'நகர்' என்று போட்டேன். அம்மாவை எடுத்துவிட்டுத் தையல் தைக்கிற ஒரு விதவைத் தாயை வைத்தேன். அவள் வீட்டில் துளசிமாடம்கூட வைத்தேன். வேறு பெயரில் வந்தது. எழுநூற்றைம்பது ரூபாய் தந்தார்கள். என் தம்பிக்கு அந்த வருடம் பரீட்சைப் பீஸ் கட்டியது அந்தப் பணத்தில்தான். லக்ஷ்மியின் மீது நான் கல்லெறியாததற்குக் காரணம் இதுவும்தான். டெல்லியில் அந்தச் சட்டம் நிறைவேறியதும் அதே 1993. நாடாளுமன்றம் என் அம்மாவை அந்த வேலையிலிருந்து நீக்கியது. நான் என் அம்மாவைக் கதையிலிருந்து நீக்கினேன்.

அச்சானதை வாசித்துக் காட்டினேன். அம்மா முழுசும் கேட்டது. "நல்லாருக்கு. யாரோ அய்யரு வூட்டுக் கத மாதிரியே இருக்கு" என்றது. கேலியாகச் சொல்லவில்லை. அதற்குப் பாராட்டே அப்படித்தான் வரும்.

அம்மா 2004இல் போய்விட்டது. கரையான் அரித்த அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அந்தப் பழைய கதையை மறுபடி எடுத்திருக்கிறேன். பழக்கம் விடவில்லை, நான்கு மணிக்கே எழுதுகிறேன். இப்போது ஒரு பிளாஸ்டிக் மேசை இருக்கிறது. பக்கத்தில் பேத்தி தூங்குவாள். பாத்திரம் நானே தேய்த்துவிட்டுத்தான் உட்கார்கிறேன். கக்கூசு முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. துளசிமாடத்தை இடித்துவிட்டேன்.

சிக்கல் கல்யாணத்தில். இருவரும் இந்து என்றால் 1967 சட்டத்தின்படி நான்கு நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டு பதிவு செய்துவிடலாம், கதை அதோடு முடிந்தது. ஆனால் என் நாயகியின் அப்பாயி காலத்திலேயே அவர்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள். பெண் கத்தோலிக்கப் பெண், பையன் ஊர்த்தெரு. ஆகவே 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும், பெயரோடு, முகவரியோடு, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி. நாவலில் இப்போது பத்தொன்பதாவது நாள் நடந்துகொண்டிருக்கிறது. பையனின் சித்தப்பா ஏதோ ஒரு பத்திரத்துக்கு நகல் வாங்க அந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறார், மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு.